கீழ்வரிக் கல்லூரி

நாவலூரில் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் மத்தியானம் பசிக்கிறவர்களுக்கு யார் சோறு போடுவது என்று போய்க் கேட்டுப் பாருங்கள். என்னைத்தான் கைகாட்டுவார்கள். மூன்று மெஸ், இரண்டு வேன், முப்பது பேருக்குச் சம்பளம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் எம்.டெக். படித்தவன் என் முன்னால் வந்துதான் தட்டோடு நிற்கிறான். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்களுக்கு அது தெரியாததில்லை.

பழைய மாணவர் மலருக்கு நீ முன்னுக்கு வந்த கதையை எழுது என்று கேட்டீர்கள். எழுதலாம், புத்தகமே போடலாம். ஆனால் போன மாதத்திலிருந்து உங்களில் எத்தனை பேர் எனக்குப் போன் செய்தீர்கள்! “பெரிய பெரிய ஆளுங்கள தினம் பாக்கறியே, பையனுக்கு எந்தெந்த காலேஜுக்கு எழுதிப் போடலாம் சொல்லேன்” என்று. கேட்டவர்களுக்கெல்லாம் வாய்க்கு வந்த பதிலைச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால் என் கதை கிடக்கட்டும். எங்கள் அக்கா பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்கு எழுதிப்போட்ட அந்தக் கோடையைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணுசக்திக்காரர்களின் டவுன்ஷிப் மதில் முடிகிற இடத்தில் எங்கள் தெரு. அப்பா டவுன்ஷிப்புக்குள் காண்டிராக்டில் தோட்டவேலை. அம்மா அங்கேயே நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செய்யூர்ப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவர். களத்தில் நெல் அளக்கிறபோதே துண்டை விரித்துவிட வேண்டும், அது அவர் கற்ற ஒரே பாடம். அவருடைய தகப்பனார் ஒரு அறுப்பில், “இன்னிக்கு பதரு, நாளைக்கு நல்ல நெல்லா வாங்கிக்கடா” என்று நிலத்துக்காரர் சொன்னதை நம்பி வெறும் துண்டோடு வீட்டுக்குப் போனாராம். மறுநாள் களம் பெருக்கிக் கிடந்ததாம். அதை அப்பா நூறு தரம் சொல்லியிருப்பார். நாங்கள் நூறு தரமும் சிரித்திருக்கிறோம்.

அக்கா கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. தெருவே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் எடுத்த மார்க்கை நான்தான் எடுத்த மாதிரி குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவுக்குக் கணக்கு தவிர வேறு ஒன்றும் படிக்க ஆசையில்லை. அதுவும் மெட்ராஸில், பெண்களுக்கென்று இருந்த ஒரு பழைய பெரிய காலேஜில். அங்கே படித்த ஒரு டீச்சர்தான் அவளுக்குப் பத்தாவதில் கணக்கு எடுத்தவர்.

யாரைக் கேட்பது, எப்படி எழுதிப்போடுவது என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்று ஒரு ஆபீசருடையது. திருநெல்வேலிக்காரர். முந்தின வருஷம்தான் தன் பையனைப் பெரிய காலேஜில் சேர்த்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அக்காவையும் என்னையும் அங்கே கூட்டிப்போனாள். அக்கா சுவரோரம் நின்றாள்.

“நாற்காலியில உக்காரும்மா. படிக்கப் போற புள்ள நின்னுக்கிட்டா இருக்கும்?” என்றார் ஆபீசர்.

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அம்மா ஈரக்கையோடு கதவருகே நின்று பார்த்தாள். அவள் ஆறு வருஷமாகத் துடைத்த நாற்காலி அது.

ஆபீசர் ஒரு கிராஃப் தாளைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மூன்று வரி. “நான் சொல்லுதத கவனமா கேளு. அஞ்சு காலேஜ் போதும். மேல் வரியில ரெண்டு, கெடைச்சா சந்தோஷம். நடு வரியில ரெண்டு, உன் மார்க்குக்கு அநேகமா கெடைக்கும். கீழ் வரியில ஒண்ணு, கண்ண மூடிக்கிட்டுச் சீட் குடுப்பான். எல்லாம் மேலயே போட்டாலும் ஆபத்து, எல்லாம் கீழயே போட்டாலும் ஆபத்து. தராசு மாதிரி நிக்கணும்.”

மேல் வரியில் அந்தப் பழைய காலேஜும் மெட்ராஸில் இன்னொன்றும். நடுவில் செங்கல்பட்டு கவர்மெண்ட் காலேஜும் தாம்பரம் பக்கம் ஒன்றும். கீழே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிப் புதிதாக ஆரம்பித்த ஒரு தனியார் காலேஜ். அதில் கணக்கே கிடையாது, பி.காம். மட்டும்தான். “இது சும்மா. கால் வழுக்கினா விழுகதுக்கு ஒரு வைக்கோல் போர்” என்றார். எங்களை அனுப்பும்போது ஒன்று சொன்னார்: “ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கடைசி வரைக்கும் கைய விட்டு விடாத. எவன் கேட்டாலும் காப்பிதான். வேற காலேஜ்ல சேரணும்னா அது இல்லாம முடியாது.”

அந்தத் தாளை அக்கா எத்தனை தரம் மடித்துப் பிரித்தாள் என்று கணக்கே இல்லை. மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள். இப்போது எங்கே போனதோ.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு மாமல்லபுரம் போனோம். பாறை முன்னால் டூரிஸ்ட்டுகளை நிற்கவைத்துப் படம் எடுத்தே பழகிய ஸ்டூடியோக்காரர் அவர். வெளியே எங்கு பார்த்தாலும் உளிச்சத்தம். அக்கா ஸ்டூலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா, மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? சாவு வூட்டுக்கா போற?”

“காலேஜுக்குண்ணா.”

“அப்டியா? அப்ப சிரிக்காத. பல்லு தெரிஞ்சா சீட்டு தரமாட்டானுங்க.”

அந்தப் படத்தில் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். அவளுடைய முகம் அவ்வளவு நன்றாக அமைந்த படம் பிறகு ஒன்று வரவேயில்லை. கல்யாணப் படத்தைச் சேர்த்தே சொல்கிறேன்.

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து வந்த சூட்டோடு மார்க் ஷீட் நகலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். ஆபீசர் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுச் சீல் குத்தினார். ஐந்து கவர்களையும் தபால்பெட்டியில் போட்டது நான்தான். ஒவ்வொன்றும் உள்ளே விழுந்த சத்தத்தைக் காது வைத்துக் கேட்டேன். அதோடு ஆபீசர் குலதெய்வத்துக்குக் கொடைத் திருவிழா என்று குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் போன வாரமே கீழ் வரிக் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. மூன்று நாளில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. மற்ற நான்கும் வாய் திறக்கவில்லை.

அப்பா, அக்கா, நான், மூன்று பேரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, புது சுண்ணாம்பு வாசனை. ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் சந்தனப் பொட்டு வைத்த ஒரு கிளார்க். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் சீல் குத்திய நகல்களைத்தான் கொடுத்தாள். “காலேஜ் தொறக்கற அன்னிக்கு ஒரிஜினல் கொண்டாந்தா போதும்மா” என்று அவளை அனுப்பினார். இதை என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன்.

பிறகு எங்கள் முறை. அப்பாவைப் பின்பக்கக் கவுண்ட்டரில் பணம் கட்ட அனுப்பினார். அக்காவிடம் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து, வெளியே பெஞ்சில் வைத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலோடு நான் மட்டும் ஜன்னலில் நின்றேன். அவர் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நல்ல மனிதர் மாதிரிதான் சிரித்தார்.

“இன்னா பாப்பா, கணக்குல இவ்ளோ மார்க்கா! அக்கா இங்கதான் படிக்கப் போவுதா?”

உங்களுக்கு என் வாயைத் தெரியும்.

“இங்கியா? எங்கக்காவுக்கு மெட்ராஸ்ல பெரிய காலேஜ்லருந்து கார்டு வரப்போவுது. ஆபீசர் சாரு மூணு வரி போட்டு குடுத்துக்கிறாரு. அதுல நீங்க கீழ் வரி. வைக்கோல் போரு மாதிரி. மேல கெடச்சதும் நாங்க போயிகினே இருப்போம்.”

“அப்டியா சேதி” என்றார் அவர். ஒரு பிஸ்கட் கொடுத்தார். ஆரஞ்சு க்ரீம் வைத்தது. தின்றேன்.

அப்பா ரசீதோடு திரும்பி வந்தார், அக்காவும் ஃபாரத்தோடு வந்தாள். அவள் நகல்களை நீட்டினாள். கிளார்க் கை நீட்டவில்லை.

“ஒரிஜினல் குடும்மா. டி.சி., மார்க் ஷீட்டு ரெண்டும்.”

“அந்தப் பொண்ணுகிட்ட...” என்று ஆரம்பித்தாள் அக்கா.

“அது வேற கோட்டா. குடுத்தா சீட்டு உன்து. இல்லியா, வெளிய பத்து பேரு நிக்கறாங்க.”

அக்கா அப்பாவைப் பார்த்தாள். “நைனா, ஒரிஜினல குடுக்காதன்னு சாரு சொல்லிக்கிறாரு.”

“சாரு ஊர்ல கீறாரு. சீட்டு இங்க கீது” என்றார் அப்பா. “நாளைக்கி நல்ல நெல்லுன்னு சொன்னவன நம்பி எங்கப்பன் வெறுந்துண்டோட வந்தான். நான் வரமாட்டேன். குட்றி.”

அக்கா கொடுத்தாள். வரும்போது பஸ்ஸில் அப்பா எங்களுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு லேசான முகத்தோடு அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மகளுக்கு ஒரு இடம் உறுதியாகிவிட்டது, இனி வருவதெல்லாம் கொசுறு என்று நினைத்திருப்பார். சான்றிதழை வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போட முடியும் என்பது அவருக்கு எட்டவில்லை. நெல்லை அளந்து வாங்கினால் அது உன்னுடையது. காலேஜில் வாங்கியது எது, கொடுத்தது எது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆபீசர் அவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருடைய தராசில் கீழ்த் தட்டு பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் என்று அவருமே நினைத்திருக்க மாட்டார். அவர் வீட்டுப் பையனைப் பிடித்துவைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

பத்து நாள் கழித்து மெட்ராஸ் கார்டு வந்தது. பழைய காலேஜ், கணக்கு. புதன்கிழமை ஒரிஜினலோடு வரவேண்டும். தபால்காரர் குழாயடியிலேயே கொடுத்துவிட்டார். அக்கா குடத்தை வைத்துவிட்டு, வரிசையை விட்டு வெளியே போய், படித்தாள். அவள் குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. யாரும் திட்டவில்லை.

நகல்களை எடுத்துக்கொண்டு புதன்கிழமை அம்மாவோடு நாங்கள் மெட்ராஸ் போனோம். வெள்ளைக் கொண்டை போட்ட ஒரு மேடம் அக்காவிடம் ஏதோ கணக்குக் கேட்டார். அக்கா பலகையில் எழுதிக் காட்டினாள். பாதியிலேயே மேடம் போதும் என்று கை காட்டி, அம்மாவிடம் சொன்னார்: “உங்க பொண்ண எனக்கு வேணும். ஆனா டி.சி. இல்லாம நான் சேர்த்துக்க முடியாதும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் எடம் வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

வியாழக்கிழமை மறுபடியும் கீழ் வரிக் காலேஜ். ஜன்னலில் அதே கிளார்க். அப்பா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கட்டின பணம் போனால் போகிறது, காகிதத்தை மட்டும் கொடுங்கள் சாமி என்றார்.

“நடுவுல போனா மூணு வருஷ ஃபீஸும் கட்டணும். ரூலு அது. கரஸ்பாண்டெண்ட பாத்து பேசிக்க.”

“அவரு எப்ப வருவாருங்க?”

“வருவாரு.” பிறகு அவர் ஜன்னல் வழியாக எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா பாப்பா, சொன்ன மாதிரியே கார்டு வந்துச்சா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். அந்த ஜன்னல் கம்பியில் இருந்த துருவை நான் நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அப்பா தனியாகப் போனார். அக்கா உடுத்திக்கொண்டு, தலை பின்னிக்கொண்டு, மெட்ராஸுக்குக் கிளம்பத் தயாராக வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பன்னிரண்டு மணிக்குள் காகிதத்தோடு வந்துவிட்டால் ஓடிப்போய்ப் பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். சவுக்குத்தோப்பில் காற்று இரைந்துகொண்டேயிருந்தது. பன்னிரண்டு ஆனது. ஒன்றரை ஆனது. இனி வந்தாலும் முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. டைம்பீஸில் நான்கு ஆனதும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, அரிசி களைந்து உலை வைத்தாள்.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். கரஸ்பாண்டெண்ட் கார் வந்ததாம். இவர் ஓடியிருக்கிறார். கண்ணாடி இறங்கவில்லையாம். அவ்வளவுதான் சொன்னார். அவருடைய கழுத்து வெயிலில் கன்றிப்போயிருந்தது. அக்கா அவருக்குத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் ஊரிலிருந்து வந்தார். விஷயம் கேட்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றது அந்த ஒரு தடவைதான். “படிச்சிப் படிச்சிச் சொன்னேனேய்யா! புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!” என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது.

“தப்பு என்துதாங்க சாரு” என்றார் அப்பா. “வேற யார் மேலயும் இல்ல.”

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அப்போது வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கும் அஞ்சாத வாய் என்று பேர் வாங்கியவள். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அக்கா பி.காம். படித்தாள். முதல் வகுப்புதான். ஆனால் இரண்டு வருஷம் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், “நைனாவ வரச்சொல்லு” என்று. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் அவரிடம் திரும்பி, “நைனா, சாப்புட வருவியாம்” என்பேன். அவர், “வரேன்னு சொல்லு” என்பார். இரண்டு வருஷம் அந்தத் தபாலை நான் சுமந்தேன். அந்தப் புழுக்கத்தில்தான் பள்ளிக்கூடம் எனக்குக் கசந்தது. டவுன்ஷிப் வாசலில் இட்லிக் குண்டானோடு உட்கார்ந்தேன். அங்கிருந்து நாவலூர் வரைக்கும் வந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பிறகு அக்கா பேசினாள்தான். மாத்திரை போட்டியா, குடை எடுத்துக்கோ, அந்த மாதிரிப் பேச்சு. அப்பா அதற்கே பூரித்துப்போவார்.

உங்கள் போன்கள் வர ஆரம்பித்த வாரத்தில் கூடுவாஞ்சேரிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிளார்க் கேட்டது, நான் பீற்றியது, பிஸ்கட் தின்றது.

“தெரியும்” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“கதவாண்ட பெஞ்சிலதான ஃபாரம் எழுதிகினு இருந்தேன். நீ சொன்னது அத்தினியும் காதுல வுழுந்துச்சி. உள்ள வந்து உன் வாயப் பொத்தியிருக்கலாம்.” ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “கேக்க நல்லா இருந்துச்சிடி. மெட்ராஸு, பெரிய காலேஜு, எங்கக்கான்னு நீ சொல்லச் சொல்ல... இன்னும் கொஞ்சம் சொல்லட்டும்னு சும்மா இருந்துட்டேன்.”

“அப்பறம் ஏன்க்கா நைனாகிட்ட ரெண்டு வருசம் பேசாம இருந்த? அவரு இன்னா பண்ணாரு?”

அவள் கையிலிருந்த கீரைக்கட்டை முழுவதும் ஆய்ந்து முடித்தாள்.

“நைனாகிட்ட பேசாம இருக்க முடிஞ்சிது. உன்கிட்ட பேசாம இருந்திருந்தா, அந்த வூட்ல எனக்கு வேற யாருடி இருந்தா?”

அடுத்த கட்டைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். நானும் ஆய ஆரம்பித்தேன். அப்பா செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது.